காய்ச்சலும் சத்தியுமாய்ப் பிள்ளை: முதல் நாளிலிருந்து என்ன செய்வது

பிள்ளைக்கு இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை, உடம்பு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ சுடுகிறது என்றால் இதை வாசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பனடோல் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும், மழை விடட்டும் என்ற கதை எதுவும் அந்த வயதுக்குச் சரிவராது. அவ்வளவு சின்ன உடம்பில் கிருமி இரத்தத்துக்கோ மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கோ போனாலும் வெளியில் தெரிவது ஒரு காய்ச்சலும் பால் குடிக்காத சோர்வும் மட்டும்தான். சில நேரம் காய்ச்சல்கூட இருக்காது, உடம்பு வழமையைவிடக் குளிர்ந்து போயிருக்கும். அதுவும் ஆஸ்பத்திரிக்குரிய விஷயம்.

மூன்று மாதம் தாண்டிய பிள்ளை என்றால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். முதல் பிள்ளைக்காரர் எல்லோரும் தேர்மோமீற்றரில் வரும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், 39 என்றால் கை நடுங்கும், 37.8 என்றால் நிம்மதி வரும். அந்த எண்ணைவிட முக்கியமானவை மூன்று: உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே என்ன வருகிறது, பிள்ளை எப்படி இருக்கிறது. 39 காய்ச்சலோடு உங்களைப் பார்த்துச் சிரித்து, பால் குடித்து, சலம் போகும் பிள்ளையைவிட, 38 காய்ச்சலோடு கண்ணைத் திறக்காமல் கிடக்கும் பிள்ளைக்குத்தான் அவசரம்.

அளந்து பாருங்கள்

நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பதை அம்மம்மா செய்யட்டும், நீங்கள் அளவுங்கள். பாமசியில் டிஜிற்றல் தேர்மோமீற்றர் வாங்கி வையுங்கள். பழைய பாதரசத் தேர்மோமீற்றர் வீட்டில் இருந்தால் பிள்ளைக்குப் பாவிக்க வேண்டாம், உடைந்தால் பெரிய கரைச்சல். கமக்கட்டை வியர்வை போகத் துடைத்து, தேர்மோமீற்றரின் நுனி தோலோடு ஒட்டி நிற்கிற மாதிரி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, சத்தம் வரும்வரை பொறுங்கள். சித்திரை வெயிலில் தொப்பி, காலுறை, துவாய் என்று சுற்றி வைத்திருந்த பிள்ளையை அப்படியே அளந்தால் இல்லாத காய்ச்சலும் காட்டும். உடுப்பைத் தளர்த்தி, ஒரு இருபது நிமிடம் விட்டு அளவுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் பரனைட்டில் 101, 102 என்பார்கள், வார்ட்டில் செல்சியஸில் எழுதுவார்கள். 38 என்பது 100.4, 39 என்பது 102.2, 40 என்பது 104. இதை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கொப்பி எதற்கென்றால், இனி நடப்பது எல்லாம் அதில் ஏற வேண்டும்: நேரம், காய்ச்சல், கொடுத்த மருந்தும் அளவும், குடித்தது எவ்வளவு, எத்தனை தரம் சத்தி, எப்போது சலம் போனது. இரண்டு இரவு நித்திரை இல்லாமல் இருந்தவரிடம் டொக்டர் "கடைசியாக எப்போது சலம் போனது?" என்று கேட்டால் ஞாபகம் வராது. கொப்பியை நீட்டினால் போதும்.

சத்தி எடுக்கும் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பது

இதுதான் வீட்டில் நீங்கள் செய்யும் உண்மையான வைத்தியம், மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். முதலில் ஒன்றைப் பிரித்து அறியுங்கள்: பால் குடித்த பிறகு வாயோரமாகத் தயிர் போலக் கொஞ்சம் வழிவது கக்குதல், அது காய்ச்சல் இல்லாத நாளிலும் வரும். வயிறு இழுத்து, வேகமாக, குடித்தது முழுக்க வெளியே வருவதுதான் சத்தி. பிறந்து சில கிழமையே ஆன பிள்ளை ஒவ்வொரு தரமும் பால் குடித்தவுடன் தூரப் போய் விழுகிற மாதிரிச் சத்தி எடுத்து, எடுத்த கையோடு திரும்பவும் பசியில் அழுதால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் காட்டுங்கள். இரைப்பையின் வாசல் இறுகியிருந்தால் அப்படி வரும்.

தாய்ப்பாலை நிற்பாட்ட வேண்டாம். "பால் செமிக்கவில்லை, ஒருநாள் நிற்பாட்டிப் பார்" என்று யாராவது சொல்வார்கள். தாய்ப்பாலை நிற்பாட்டினால் பிள்ளைக்கு இருக்கும் நல்ல தண்ணீரும் நல்ல உணவும் ஒன்றாக நிற்கும். வழமையாக இருபது நிமிடம் குடிக்கும் பிள்ளை என்றால் இப்போது ஐந்து நிமிடம் குடிக்க விட்டு, எடுத்து, நிமிர்த்தித் தோளில் போட்டு, கொஞ்சத்தால் மறுபடி கொடுங்கள். புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் பாலை வழமையான அளவிலேயே கரையுங்கள், தண்ணீர் கூட்டி ஐதாக்க வேண்டாம்.

அடுத்தது ஜீவனி, அதாவது சத்தியிலும் வயிற்றோட்டத்திலும் இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கும் ORS தூள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இரண்டு பக்கற் ஜீவனி எப்போதும் இருக்க வேண்டும், நடு இரவில் பாமசி திறந்திருக்காது. பக்கற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், வழமையாக ஒரு லீற்றர், பக்கற் முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதிப் பக்கற்றை ஒரு கிளாசில் போட்டுக் கரைப்பது பலர் செய்யும் வேலை. அதில் உப்பின் அளவு மாறிவிடும், உப்புக் கூடினால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கழுவி வைத்தால் அளவு பிழைக்காது. சீனி, தோடம்பழச் சாறு என்று எதையும் சேர்க்கக் கூடாது, கரைத்ததைச் சுட வைக்கவும் கூடாது. 24 மணித்தியாலத்துக்கு மேல் மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கென்று இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கரையோரத்திலும் தீவுப் பக்கத்திலும் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் ஜீவனியின் கணக்குப் பிழைக்கும். குடிக்கப் பாவிக்கும் நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் கரைக்க வேண்டும். வலிகாமம் பக்கத் தோட்டக் காணிக் கிணறுகளில் வேறு சிக்கல்: உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நைத்திரேற்று சுண்ணக்கல் வழியாக இறங்கித் தண்ணீரோடு சேர்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். புட்டிப்பால் கரைக்கும் வீடுகள் கிணற்றுத் தண்ணீரை எங்கே பரிசோதிக்கலாம் என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மாரியில் வெள்ளம் நின்று வடிந்த கிணறு என்றால் அதை இறைத்து, குளோரின் போடும்வரை பிள்ளையின் வாய்க்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்.

சரி, கரைத்தாயிற்று. இப்போது பிள்ளை சத்தி எடுத்திருக்கிறது. வாயைத் துடைத்து, பத்து நிமிடம் எதுவும் கொடுக்காமல் இருங்கள், வயிறு கொஞ்சம் அடங்கட்டும். பிறகு பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, தலையை உங்கள் முழங்கையில் சாய்த்து, ஒரு தேக்கரண்டியை, அதாவது 5 மில்லிலீற்றரை, கீழுதட்டில் வைத்துச் சரியுங்கள். உள்ளே ஊற்றிவிடாதீர்கள், பிள்ளை தானாக உறிஞ்சி விழுங்கட்டும். கரண்டியை ஏற்காத பிள்ளைக்கு ஊசி இல்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்து மெதுவாக அழுத்தலாம். விழுங்கியது தொண்டையில் தெரியும். மணிக்கூட்டைப் பாருங்கள், இரண்டு நிமிடம் கழித்து அடுத்த கரண்டி. பிள்ளை தாகத்தில் கரண்டியைப் பிடித்து இழுக்கும், இன்னும் கேட்டு அழும், அப்போதுதான் எல்லோரும் மனம் இளகி அரைக் கிளாசைக் கொடுப்பார்கள், கொடுத்த அரைக் கிளாசும் அடுத்த நிமிடம் நிலத்தில் இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்றாலே மணித்தியாலத்துக்கு 150 மில்லிலீற்றர் உள்ளே போகிறது. இடையில் ஒன்றிரண்டு தரம் சத்தி எடுத்தாலும் முழுவதும் வெளியே வருவதில்லை, மறுபடி பத்து நிமிடம் பொறுத்து, இந்த முறை இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். இது ஒருவர் செய்யக்கூடிய வேலை இல்லை, தாயும் தகப்பனும் மாறி மாறி இருந்தால்தான் முடியும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு முதலில் தாய்ப்பால்தான், ஜீவனி வேண்டுமா என்பதை டொக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வயிற்றோட்டமும் சேர்ந்திருந்தால் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தரம் தண்ணியாகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர் ஜீவனி, அதே கரண்டிக் கணக்கில். நாகச் சத்து (சிங்க்) மருந்து டொக்டர் எழுதித் தந்தால் வயிற்றோட்டம் நின்றவுடன் விட்டுவிடாமல் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள்.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குச் செவ்விளநீர் கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் அதில் உப்புச் சத்துக் குறைவு, அது ஜீவனிக்குப் பதிலாக நிற்காது. சோடாவும் பக்கற் யூசும் வேண்டவே வேண்டாம், அவற்றின் சீனி வயிற்றோட்டத்தைக் கூட்டும். சாப்பாட்டுப் பிள்ளை என்றால் சத்தி அடங்கின பிறகு உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி, பருப்புத் தண்ணி, மசித்த வாழைப்பழம், இடியப்பத்தைப் பிசைந்து என்று பிள்ளைக்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வயதுக்கு முன்னர் தேன் கூடாது, மருந்து குழைத்துக் கொடுக்கவும் கூடாது.

சலம் போகிறதா?

பம்பஸ் போடும் வீடுகளில் இது தெரியாமல் போய்விடும். இரவு முழுக்க ஒரே பம்பஸ், காலையில் பாரமாக இருக்கிறது என்று பார்த்தால் அது வயிற்றோட்டத் தண்ணீர். காய்ச்சல் நாட்களில் பம்பஸைக் கழற்றிவிட்டுப் பழைய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், நனைந்தால் உடனே தெரியும், நிறமும் தெரியும். பம்பஸ்தான் போடவேண்டும் என்றால் உள்ளே ஒரு துண்டுத் துணியை வையுங்கள். ஆறு மணித்தியாலம் சலம் இல்லை, அல்லது போவது கொஞ்சமாக, கடும் மஞ்சளாக இருக்கிறது என்றால் உடம்பில் தண்ணீர் காணாது.

அதோடு உச்சிக்குழியைத் தொட்டுப் பாருங்கள். பிள்ளை அழாமல், நிமிர்ந்து இருக்கும்போது விரலை மெதுவாக வைத்தால் வழமையில் கிட்டத்தட்ட மட்டமாக, லேசாகத் துடிப்பது தெரியும். பள்ளமாக இறங்கியிருந்தால் தண்ணீர் குறைவு. மேலே புடைத்து, இறுகி நின்றால் அது மூளைக்காய்ச்சலின் அறிகுறியாக இருக்கலாம், அந்த நிமிடமே கிளம்புங்கள். பிள்ளை சுகமாக இருக்கும் நாளிலேயே ஒரு தரம் தொட்டுப் பழகினால்தான் வித்தியாசம் தெரியும். நாக்கு உலர்ந்திருப்பது, அழுதால் கண்ணீர் வராதது, கண் குழி விழுவது எல்லாம் ஒரே கதைதான். நெஞ்சுத் தோலை விரலால் ஐந்து செக்கன் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும், அதைவிடச் சுணங்கினால் இரத்த ஓட்டம் குறைகிறது.

பனடோல்

பனடோல், அதாவது பரசிற்றமோல், காய்ச்சலின் காரணத்தை மாற்றாது, பிள்ளைக்குக் கொஞ்சம் சுகம் கொடுத்துக் குடிக்க வைக்கும், அதற்குத்தான் கொடுக்கிறோம். காய்ச்சலோடு விளையாடும் பிள்ளைக்கு எண்ணைக் குறைப்பதற்காகக் கொடுக்கத் தேவையில்லை, நித்திரை கொள்ளும் பிள்ளையை மருந்துக்காக எழுப்பவும் தேவையில்லை.

அளவை வயதால் அல்ல, நிறையால் பாருங்கள். கிளினிக் கொப்பியில் கடைசியாக நிறுத்த நிறை இருக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் ஆறு மணித்தியாலம், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் இல்லை. இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சிரப் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ளது. 8 கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 120 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீற்றர். 6 கிலோ என்றால் 90 மில்லிகிராம், மூன்றே முக்கால் மில்லிலீற்றர். குசினிக் கரண்டியால் அளக்க வேண்டாம், பாமசியில் சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். குடித்து அரை மணித்தியாலத்துக்குள் முழுக்கச் சத்தி எடுத்தால் அதே அளவை ஒரு தரம் திருப்பிக் கொடுக்கலாம், அரை மணித்தியாலம் தாண்டினால் அடுத்த வேளை வரை பொறுங்கள். ஒவ்வொரு தரமும் மருந்து வெளியே வருகிறதென்றால் அது டொக்டரிடம் போக வேண்டிய நேரம்.

இப்போது வெளிநாட்டு மருந்துப் போத்தல்களைப் பற்றி. கனடாவிலிருந்து சித்தி வந்தபோது கொண்டுவந்தது, லண்டன் மாமா பார்சலில் அனுப்பியது என்று அலுமாரியில் பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து இல்லாத வீடு இங்கே குறைவு. அன்போடு அனுப்பியதுதான், ஆனால் லேபிளை வாசிக்காமல் திறக்காதீர்கள். கனடாவில் கைக்குழந்தைகளுக்கு விற்கும் தைலனோல் துளிமருந்தும் பரசிற்றமோல்தான், ஆனால் அதில் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 80 மில்லிகிராம் இருக்கிறது. இங்கத்தைய சிரப் என்று நினைத்து அதில் 5 மில்லிலீற்றர் கொடுத்தால் 120க்குப் பதில் 400 மில்லிகிராம் போய்விடும், ஈரல் பழுதாகும் அளவுக்கு அது கூடிக்கொண்டே போகலாம். இன்னும் சில போத்தல்களில் இருப்பது பரசிற்றமோல் இல்லை, ஐபுபுரோபன். அட்வில், நியூரோஃபன் என்ற பெயரில் வருவது அதுதான். அங்கே காய்ச்சலுக்குச் சாதாரணமாகக் கொடுப்பார்கள். இங்கே டெங்கு இருக்கிறது. டெங்குக் காய்ச்சலில் ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் போன்றவை இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சல் சட்டென்று இறங்க மலவாசலால் வைக்கும் மருந்து கேட்டு வாங்குகிறவர்களும் கவனியுங்கள், அதற்குள் டைக்குளோபெனாக் இருக்கலாம். டொக்டர் பெயர் சொல்லி எழுதாத எதையும் வைக்க வேண்டாம். மூத்த பிள்ளைக்கு எழுதிய அன்டிபயோட்டிக்கின் மிச்சமும், சத்தி நிற்பாட்டும் சிரப்பும், வயிற்றோட்டம் நிற்பாட்டும் குளிசையும் இதே கணக்குத்தான்.

ஓடிக்கொலோன் நனைத்த துணியை நெற்றியில் போடுவது எங்கள் வீடுகளில் பழைய பழக்கம். அதில் இருப்பது மதுசாரம், சின்னப் பிள்ளையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், விட்டுவிடுங்கள். ஐஸ் தண்ணீரும் வேண்டாம், பிள்ளை நடுங்கினால் உட்காய்ச்சல் கூடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் பிள்ளைக்கு இதமாக இருக்கிறதா, துடையுங்கள், அழுதால் விடுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை, மெதுவாக ஃபான், அவ்வளவு போதும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விக்ஸும் கற்பூர எண்ணெயும் பூச வேண்டாம், கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரும்.

"பல்லு முளைக்குது, ஒண்டுமில்லைப் பிள்ளை"

அப்பம்மா இப்படிச் சொல்லும்போது அவரோடு வாக்குவாதப்பட வேண்டியதில்லை, ஆனால் பல்லு முளைப்பதால் 38க்கு மேல் காய்ச்சலோ திரும்பத் திரும்பச் சத்தியோ வராது என்பதை நீங்கள் மனதில் வைத்திருங்கள். நாவூறு கழிக்க வேண்டுமா, கழியுங்கள். நூல் கட்ட வேண்டுமா, கட்டுங்கள். பிள்ளையின் வாய்க்குள் வசம்போ வேறு எதுவோ போகாமலும், அதற்காக ஆஸ்பத்திரிப் பயணம் ஒரு மணித்தியாலமும் பிந்தாமலும் இருந்தால் சரி.

தடுப்பூசிக் காய்ச்சல் என்பது உண்மை. இரண்டு, நாலு, ஆறாம் மாத ஊசிகளுக்குப் பிறகு வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும், ஒன்பதாம் மாத எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசியின் காய்ச்சல் ஒரு கிழமைபோல் கழித்தும் வரலாம். ஆனால் ஊசி போட்ட பிள்ளைக்கு வேறு நோயும் வரும். சத்தி நிற்கவில்லை, பால் குடிக்கவில்லை என்றால் ஊசியைக் காரணம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

சத்தி இருக்கிறது, வயிற்றோட்டம் இல்லை என்றால் "வயிற்றுக் கோளாறு" என்று முடிவெடுக்க இன்னும் யோசிக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சலத்தில் கிருமி என்றால் எரிவு தெரியும், கைக்குழந்தைக்குத் தெரிவது காய்ச்சலும் சத்தியும்தான். சலம் பரிசோதிக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது, அதுவும் அன்டிபயோட்டிக் தொடங்குவதற்கு முன்னரே சலம் எடுக்க வேண்டும். காது, நெஞ்சு, மூளைச் சவ்வு எங்கே தொற்று வந்தாலும் சின்னப் பிள்ளை சத்தி எடுக்கும்.

பிறகு டெங்கு. ஐப்பசி மழை தொடங்கித் தை மாதம் வரை, வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் எந்தக் காய்ச்சலையும் டெங்குவாக இருக்கலாம் என்றே தொடங்குங்கள். பெரிய பிள்ளைகளுக்கு மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்வார்கள், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முதல் நாளே டொக்டரிடம் காட்டுங்கள். டெங்குவின் ஏமாற்று எங்கே என்றால், காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம், நாலாம் நாள் உடம்பு குளிர்ந்துவிட்டது, அப்பாடா என்று வீடு நித்திரைக்குப் போகும், அந்த நேரம்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, சத்தி கூடுகிறது, வயிறு தொட்டால் அழுகிறது, கை கால் குளிர்கிறது, சலம் குறைகிறது என்றால் உடனே போங்கள். டெங்கு என்று தெரிந்த பிறகு எவ்வளவு குடிக்கக் கொடுப்பது என்பதையும் டொக்டர்தான் சொல்வார், கூடுதலாகக் கொடுப்பதும் கெடுதல். சிவப்பு, மண்ணிறப் பானங்களையும் தவிருங்கள், சத்தியில் இரத்தம் வந்தால் பிரித்தறிய முடியாது.

வலிப்பு வந்தால்

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரும். கண் மேலே போய், கை கால் வெட்டி இழுக்கும். பார்க்கிறவர் குலை நடுங்கும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். பிள்ளையை நிலத்திலோ கட்டிலிலோ பக்கவாட்டில் கிடத்துங்கள், சத்தி வழிந்து வெளியே போகட்டும். வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் வைக்கக் கூடாது. கையில் இரும்பைக் கொடுப்பது, இறுக்கிப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். ஒருவர் நேரத்தைப் பார்க்க, இன்னொருவர் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் நின்றாலும் முதல் வலிப்பு என்றால் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

உடனே கிளம்புவது எப்போது, எங்கே

மேலே அங்கங்கே சொன்னதோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தி பச்சை நிறமாகவோ இரத்தமாகவோ வருவது. பிள்ளை விட்டுவிட்டு வீறிட்டு அழுது காலை வயிற்றோடு மடக்குவது, இடையில் வெளிறிச் சோர்வது, மலத்தில் சிவப்பாகச் சளி போல வருவது. இது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்ததாக இருக்கலாம், மணித்தியாலக் கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். எழுப்பினாலும் எழும்பாத நித்திரை. கழுத்தை அசைக்க விடாமை. கிளாசால் அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள். மூச்சு வேகம்: பிள்ளை அமைதியாக இருக்கும்போது நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள், இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 40 அல்லது கூட என்றால் நெஞ்சில் தொற்று இருக்கலாம். கரண்டிக் கணக்கில் கொடுத்தும் எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்பதும் இதில் ஒன்றுதான். இந்த அறிகுறி எதுவுமே இல்லை, ஆனால் உங்களுக்கு மனம் கேட்கவில்லை, பிள்ளை வழமைபோல் இல்லை என்று தாய்க்குத் தோன்றினால் அதுவும் போதிய காரணம்தான்.

நகரத்தில் என்றால் யாழ் போதனா வைத்தியசாலை. வடமராட்சியில் மந்திகை, வலிகாமம் வடக்கில் தெல்லிப்பழை, தென்மராட்சியில் சாவகச்சேரி, தீவுப் பக்கத்தில் ஊர்காவற்றுறை என்று ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. பிள்ளை மிகவும் சோர்ந்திருந்தால் கிட்ட உள்ளதற்குப் போங்கள், அங்கே முதல் மருத்துவம் செய்து தேவையென்றால் அம்புலன்சில் அனுப்புவார்கள். மாலையில் தனியார் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருப்பது சாதாரணத் தடிமலுக்குச் சரி, இதற்கு அல்ல. 1990 அம்புலன்சுக்குக் காசு இல்லை. இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவரின் நம்பரும் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே போனில் இருக்கட்டும்.

நெடுந்தீவுக்காரருக்குக் கணக்கு வேறு. குறிகட்டுவானுக்குக் கடல் கடந்து வந்து, பிறகுதான் தரைப் பயணம் தொடங்கும். அதனால் மற்றவர்கள் இரவு வரை பார்ப்போம் என்று விடும் அறிகுறிக்கே நீங்கள் பகலில், படகு இருக்கும்போது, உள்ளூர் ஆஸ்பத்திரியில் காட்டி அங்கேயே கேட்டு முடிவெடுங்கள். கடல் கொந்தளிக்கும் காலம் என்றால் இன்னும் முந்துங்கள்.

எடுத்துப் போக வேண்டியது: கிளினிக் கொப்பி, நீங்கள் எழுதிய கொப்பி, கொடுத்த மருந்துப் போத்தல்கள் அப்படியே, கரைத்த ஜீவனியும் கரண்டியும். பச்சைச் சத்தி பட்ட துணி, இரத்தம் கலந்த மலம் உள்ள பம்பஸ் இருந்தால் ஒரு பையில் கட்டிக் கொண்டு போங்கள், அருவருக்க வேண்டாம், டொக்டருக்கு அது உதவும். பிள்ளை விழிப்பாக இருந்து விழுங்குமானால், பச்சையாகவோ இரத்தமாகவோ சத்தி வராவிட்டால், வழியெல்லாம் கரண்டியை நிற்பாட்டாதீர்கள். வீட்டு வைத்தியம் ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

சுகம் வந்த பிறகு

காய்ச்சல் விட்டு, சத்தி நின்று, பிள்ளை பழையபடி கை நீட்டத் தொடங்கினாலும் ஒரு கிழமைக்குச் சாப்பாட்டில் மந்தமாக இருக்கும், வற்புறுத்தித் திணிக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு வழமையான சாப்பாட்டோடு ஒரு நேரம் கூடுதலாகக் கொடுங்கள், தாய்ப்பால் கேட்கும் போதெல்லாம். புட்டி பாவிக்கிற வீடு என்றால் பால்முலையையும் புட்டியையும் கொதிதண்ணீரில் அவித்து எடுங்கள், முடிந்தால் புட்டியை விட்டுக் கோப்பைக்கு மாறுங்கள். பிள்ளையைக் கழுவிய பிறகும் சாப்பாடு தொடுவதற்கு முன்னரும் வீட்டில் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், கொஞ்ச வரும் அயல் வீட்டுப் பிள்ளைகளும் சேர்த்துத்தான். அடுத்த கிளினிக்கில் நிறையைப் பார்த்து, கொப்பியில் நிறைக் கோடு கீழே இறங்கியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் நோய் வந்ததைச் சொல்லுங்கள். நோயால் தவறிப்போன ஊசி இருந்தால் அதற்கும் அவரிடமே திகதி கேட்டு எழுதிக்கொள்ளலாம்.